புதுப்பிப்பு: வார்டு உறுப்பினரிடம் கொடுத்த தெருவிளக்கு மனு – மூன்றும் எரிகின்றன

எங்கள் தெருவில் 3 விளக்குகள் எரியவில்லை, வார்டு உறுப்பினரிடம் எப்படிச் சொல்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது "கம்பத்து எண்ணை எழுதுங்கள்" என்ற யோசனைதான். அதுவரை 'வளைவுக்குப் பக்கத்துக் கம்பம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், யாருக்குப் புரியும்? ராத்திரி ஒருவர் டார்ச் அடிக்க, துருப்பிடித்த தகட்டைத் துணியால் துடைத்துப் படித்தோம். 16 பேர் கையெழுத்திட்ட மனுவை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கினேன். 4 நாளில் 2 விளக்குகள் எரிந்தன.

மூன்றாவதுதான் எதிர்பாராதது. பல்பு நன்றாகவே இருந்தது, நிலத்தடிக் கேபிள் போயிருந்தது. அதற்குத் தனிச் செலவு என்பதால் உறுப்பினர் மன்றக் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. அப்புறம் 3 வாரம் ஆனது. நேற்று அதுவும் எரிந்தது.