சில்லர் கூலிங் பிடிக்கவில்லை, மதுரைப் பக்கம் நல்ல மெக்கானிக் யாராவது?

வணக்கம் நண்பர்களே, மதுரையில் சின்ன டிபன் கடை வைத்திருக்கிறேன். மாவு, பால், பனீர் வைக்கிற இரண்டு கதவு சில்லர் ஒரு வாரமாக 12 டிகிரிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது, 5க்குள் நிற்க வேண்டியது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது. சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரில் எண்ணெய்ப் பிசுக்கும் மாவுத் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது, அதைச் சுத்தம் செய்தும் பலனில்லை. கதவு ரப்பரும் நன்றாகத்தான் இருக்கிறது.

உள்ளே குளிர்விக்கிற காயிலில் ஒரு மூலையில் மட்டும் ஐஸ், மீதி வெறுமனே ஈரம். வந்த மெக்கானிக் கேஸ் குறைவு என்று ஆர்134ஏ என்கிற கூலிங் கேஸை ஏற்றிவிட்டுப் போனார், நான்கே நாளில் பழைய கதை. லீக் எங்கே என்று பார்க்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதானே! பின்பக்கம் ஒரு ஜாயின்டில் எண்ணெய்க் கசிவு தெரிகிறது, அதுதான் லீக்கா?

குழாயில் நைட்ரஜன் போட்டு சோப்புத் தண்ணீரில் லீக் பார்த்து, வேக்கம் இழுத்து (உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் வெளியே எடுத்து), எடை போட்டு கேஸ் ஏற்றுகிற ஆள் தெரிந்தால் சொல்லுங்கள். எவ்வளவு ஆகும்? நேற்றும் அரை டப்பா மாவு புளித்துப் பொங்கி வழிந்துவிட்டது.