வன்னியில் மாதம் ஒரு பீட்சாக் கடை: எதை வைத்து ஒப்பிடுவது?

இரணைமடுக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஆறு பேர், ஏ.எல். வரை ஒரே வகுப்பில் இருந்தவர்கள். இப்போது ஒருத்தி துணுக்காயில் படிப்பிக்கிறாள், ஒருவன் மன்னாரில், இரண்டு பேர் வவுனியாவில், இன்னொருத்தி முல்லைத்தீவில் தாதி, நான் இரணைமடுவுக்குக் கீழே வயல் செய்கிறேன். கலியாண வீடு, செத்த வீடு தவிர வேறு எங்கேயும் ஆறு பேரும் ஒன்றாக நின்றதாக ஞாபகம் இல்லை. அதனால் காலபோக அறுவடை முடிந்த கையோடு ஒரு முடிவெடுத்தோம்: மாதத்தில் ஒரு பின்னேரம் கட்டாயம் கூடுவது, கூடுகிற இடம் ஒவ்வொரு முறையும் வன்னிக்குள் இருக்கிற ஒரு பீட்சாக் கடை. கொத்தோ புரியாணியோ என்றால் ஆளுக்கொரு தட்டு வாங்கி அவரவர் பாட்டில் சாப்பிட்டு முடித்துவிடுவோம், பீட்சாவை நடுவில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும், அதுதான் காரணம்.

முதல் கடைக்குப் போன மாதம் போனோம். பெயர் வேண்டாம், ஏ9 வீதியில் இருக்கிற ஒரு கடை. ஞாயிறு இரவு ஏழு மணிக்குப் போய் நான்கு விதமான பீட்சா ஓடர் பண்ணினோம். ஒன்றேகால் மணித்தியாலம் காத்திருந்தோம். வந்ததும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது, முதலாவது ஆறிப்போன பிறகுதான் கடைசி வந்தது. கோழி போட்டது நல்லது என்று ஒருவன், இறால் போட்டதுதான் நல்லது என்று இன்னொருத்தி, வெள்ளிக்கிழமை மட்டுமல்ல ஞாயிறும் மச்சம் சாப்பிடாத ஒருத்திக்கு மரக்கறி பீட்சா மட்டும். கடைசியில் கடை நல்லதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஆறு பேரும் சாப்பிட்டது வேறு வேறு.

இன்னும் ஒரு வருடம் இப்படிப் போக இருக்கிறோம். கடைகளை நியாயமாக ஒப்பிட என்ன வழி? எதை ஓடர் பண்ண வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும்? தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பெற்றோல் செலவும் இருக்கிறது, காசை எப்படிப் பிரிப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குருமன்காட்டுச் சந்தி எழுதியது:

நாங்கள் வவுனியாவில் ஐந்து பேர் இரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறோம், பீட்சா மட்டுமல்ல ரோல்ஸ், கொத்து எல்லாவற்றுக்கும். நீங்கள் விட்ட பிழையைத்தான் நாங்களும் முதல் மூன்று மாதம் விட்டோம். ஒவ்வொரு கடையிலும் ஒரே சாமான் சாப்பிட வேண்டும், வேறு வழி இல்லை. பீட்சாவில் அது மார்கரிட்டா. தக்காளி சோஸ், சீஸ், கொஞ்சம் பேசில் இலை, அவ்வளவுதான். மேலே கோழியும் மிளகாயும் மயோனைஸும் குவிந்திருந்தால் கீழே இருக்கிற மா நல்லதா கூடாதா என்று தெரியவே தெரியாது. எங்கள் ஐந்து பேரில் ஒருவர் முஸ்லிம், ஒருவர் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார், மார்கரிட்டா வந்தால் யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை, ஐந்து கையும் ஒரே தட்டுக்குப் போகும். அது முடிந்த பிறகு அந்தக் கடையின் சிறப்பு எதுவோ அதில் ஒன்று எடுங்கள்.

அளவையும் பாருங்கள். 10 அங்குலப் பீட்சாவின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர அங்குலம், 14 அங்குலத்துக்கு 154. ஆகவே 14 அங்குலம் ஒன்று வாங்கினால் 10 அங்குலம் இரண்டு வாங்கிய மாதிரி. விலைப்பட்டியலைப் பார்த்து ஒரு நிமிடம் கணக்குப் போடுங்கள், சில கடைகளில் பெரியது நல்ல லாபம், சிலதில் இல்லை.

காசுக்கு நாங்கள் சீட்டுப் பிடிக்கிற மாதிரி வைத்திருக்கிறோம். மாதம் பிறந்ததும் எல்லாரும் ஒரே தொகை போடுவது, வைத்திருக்கிறவர் முறை மாறி மாறி வரும். சாப்பாட்டுக் காசும் தூரத்திலிருந்து வருகிறவரின் பஸ் காசும் அதற்குள்ளேயே போகும். ஒருவர் வராவிட்டாலும் காசு போட வேண்டும். இந்த ஒரு விதிதான் எங்களை இரண்டு வருடம் சேர்த்து வைத்திருக்கிறது.

பலெர்மோவில் இருந்தவன் எழுதியது:

நான் சிசிலியில் பலெர்மோவில் ஒன்பது வருடம் பீட்சாக் கடையில் வேலை செய்துவிட்டு இப்போது மாங்குளத்தில் இருக்கிறேன். பலெர்மோவில் எங்கட சனம் கனக்க. மடு மாதாவிடம் போகிற மாதிரி அங்கே சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் மலைக்கு எங்கட ஆட்கள் போவார்கள், கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, சைவக்காரரும்தான். முதல் வருடம் முழுக்கக் கோப்பை கழுவினேன், பிறகு மா உருண்டை பிடிக்க விட்டார்கள், நெருப்புப் பக்கம் போக நாலு வருடம் எடுத்தது. அதனால் மாவைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

பீட்சா மேசைக்கு வந்ததும் ஒரு துண்டை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். எல்லாரும் மேலே பார்த்துப் படம் எடுப்பார்கள், விஷயம் அடியில்தான் இருக்கிறது. அடி வெள்ளையாக, ஈரமாக, பாணின் நடுப்பக்கம் மாதிரி இருந்தால் போறணை சூடாக முதலே உள்ளே தள்ளிவிட்டார்கள். பொன்னிறமும் அங்கங்கே கறுத்த புள்ளியும் இருந்தால் நல்லது. பிறகு விளிம்பைப் பிய்த்து உள்ளே பாருங்கள். சின்னதும் பெரிதுமாக ஓட்டைகள் இருந்தால் மா ஆறுதலாகப் பொங்கியிருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி நெருக்கமாக இருந்தால் ஈஸ்ட்டைக் கூடப் போட்டு அவசரமாகப் பொங்க வைத்திருக்கிறார்கள், இரவு வயிறு ஊதும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இணையத்தில் நேப்பிள்ஸ் பீட்சாவின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து எங்கட ஊர்ப் பெடியளின் பீட்சாவை அதோடு ஒப்பிடாதீர்கள். நேப்பிள்ஸில் விறகுப் போறணை 430 முதல் 480 பாகை வரை சூடாக இருக்கும், 60 முதல் 90 செக்கனில் பீட்சா வெளியே வந்துவிடும். அந்த வேலையை 2017இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது, அவ்வளவு கைப்பழக்கம் வேண்டிய வேலை. எங்கட கடைகளில் இருப்பது கரண்டிலோ காஸிலோ ஓடுகிற 250, 300 பாகை அடுப்பு, ஏழு எட்டு நிமிடம் எடுக்கும். அதில் அந்தக் கறுத்த ஊதின விளிம்பு வராது, ஆனால் மொறுமொறுப்பான நல்ல பீட்சா வரும், அதை அதாகவே பார்க்க வேண்டும்.

எங்கட வெயிலையும் யோசியுங்கள். அங்கே குளிர்காலத்தில் மா ஒரு நாள் முழுக்க வெளியே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. இங்கே 33, 34 பாகையில் மூன்று நாலு மணித்தியாலத்தில் பொங்கித் தணிந்து புளித்துவிடும், விரிக்கும்போது கிழியும். ஈஸ்ட்டைக் குறைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வைத்தால்தான் சரி வரும், நடுவில் கரண்ட் போனால் அந்த மா போச்சு. ஆகவே கடையில் கேளுங்கள், மா எப்போது குழைத்தது என்று. நேற்று என்று சொன்னால் அந்தக் கடைக்கு இரண்டாம் முறையும் போங்கள்.

ஒரு ஆசையையும் சொல்லிவிடுகிறேன். பலெர்மோவில் ஸ்பிஞ்சோனே என்று ஒன்று இருக்கிறது, தடித்த பஞ்சு மாதிரி மா, மேலே தக்காளி, நிறைய வெங்காயம், உப்பில் போட்ட நெத்தலி, பாண்தூள், கொஞ்சம் சீஸ். அதை முதன்முதல் சாப்பிட்ட அன்று எனக்கு வீட்டு நெத்தலிக் கருவாட்டுச் சம்பல்தான் ஞாபகம் வந்தது. எங்கட பழைய வெதுப்பகங்களில் விறகுப் போறணை இன்னும் இருக்கிறது, நெத்தலிக்கும் வெங்காயத்துக்கும் குறைவில்லை. வன்னியில் ஒருவர் அதைச் செய்தால் நான் மாதாமாதம் போவேன். அப்படியே மார்கரிட்டாவுக்கு மேலே போடுகிற அந்தப் பச்சை இலையும் வேறொன்றுமில்லை, எங்கட திருநீற்றுப்பச்சை இனம்தான், வீட்டு முற்றத்தில் வளரும்.

புதுக்குடியிருப்பு அக்கா எழுதியது:

தம்பி, நான் சின்னதாக ஒரு பீட்சாக் கடை நடத்துகிறேன், அதனால் அடுப்படிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்களை ஒன்றேகால் மணித்தியாலம் காக்க வைத்தது என்னுடைய கடையா என்று யாரும் கேட்டுவிட வேண்டாம், இல்லை. ஆனால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னுடைய அடுப்பில் ஒரு முறைக்கு இரண்டுதான் வைக்கலாம். எட்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் கதவைத் திறக்கத் திறக்கச் சூடு இறங்கும், மூன்றாவது நாலாவது சுற்றில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போகும். ஞாயிறு ஏழு மணிக்கு உங்களுக்கு முன்னால் ஆறு ஓடர் இருந்தால் கணக்கு நீங்களே போடலாம். செவ்வாய், புதனில் பின்னேரம் நாலரைக்கு வாருங்கள், காலையிலேயே போன் எடுத்து ஆறு பேர் என்று சொல்லுங்கள். அன்றைக்கு என்னால் ஒவ்வொரு உருண்டையையும் விரலால் மெல்ல அமத்திப் பார்க்க முடியும். குழி ஆறுதலாக மேலே எழும்பினால் அதை எடுப்பேன், உடனே துள்ளினால் இன்னும் கொஞ்சம் விடுவேன், எழும்பாமலே கிடந்தால் பீட்சாவுக்குச் சரி வராது, பூண்டு பாணுக்குத்தான். ஞாயிறு இரவில் அதற்கெல்லாம் நேரம் எங்கே.

இறால் பீட்சா பற்றியும் சொல்ல வேண்டும். நந்திக்கடல் இறாலைப் பச்சையாக மேலே அடுக்கினால் தண்ணி விட்டு மா நனைந்துவிடும். நான் உள்ளியும் மிளகாய்த்தூளும் போட்டு அரை வேக்காட்டில் பிரட்டி, வடித்துவிட்டுத்தான் போடுவேன். இறால் பீட்சாவில் நடுப்பகுதி தொய்ந்து விழுந்தால் அந்தக் கடை இதைச் செய்யவில்லை.

சீஸ்தான் எங்களுக்குப் பெரிய செலவு. பாலுக்குப் பதில் மரக்கறி எண்ணெய் சேர்த்த மலிவுச் சாமானும் சந்தையில் வருகிறது, அதில் பால் மணம் இருக்காது, வாயில் எண்ணெய் ஒட்டின மாதிரி நிற்கும். ஒரு கடை விலை கூட என்றால் உடனே கோபப்படாமல் என்ன சீஸ் என்று கேளுங்கள், நல்லதைப் போடுகிறவர் சந்தோசமாகப் பெட்டியையே எடுத்துக் காட்டுவார். 2022இல் காஸ் இல்லாமல் நான் கடையைப் பூட்டிவிட்டு இருந்தேன், திறந்த அன்று முதல் வந்தது இப்படி ஒரு நண்பர் கூட்டம்தான், அவர்கள் இன்னும் வருகிறார்கள்.

ஒட்டுசுட்டான் ரோட்டு எழுதியது:

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் ரோட்டைப் பற்றி மட்டும். ஆறு பேரும் கூட நடு இடம் மாங்குளம், முல்லைத்தீவு ரோட்டும் துணுக்காய்ப் பக்கத்து ரோட்டும் ஏ9உடன் சேருவது அங்கேதான். அங்கே சந்தித்து ஒரே வாகனத்தில் போங்கள். இரவு மோட்டார் சைக்கிளில் ஒட்டுசுட்டான் பக்கம் தனியே வரவேண்டாம், யானை இறங்கும். ஏ9இல் கட்டாக்காலி மாடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும், வெளிச்சத்துக்கும் எழும்பாது. இருட்ட முதல் வீடு போய்ச் சேருகிற மாதிரிப் பாருங்கள். அக்கா சொன்ன நாலரை மணி அதற்கும் சரி.

இரணைமடுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. போன புதன்கிழமை போய்விட்டு வந்தோம், ரீச்சருக்குப் பள்ளிக்கூடம் விட்டு மாங்குளம் வந்து சேர மூன்றரை ஆகிவிட்டது, முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனோம். காலையிலேயே போன் எடுத்துச் சொல்லியிருந்தேன். 14 அங்குல மார்கரிட்டா ஒன்று, இருபது நிமிடத்தில் வந்தது. எல்லாரும் ஒரு துண்டு எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தோம், அடி பொன்னிறம், ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கூடக் கறுத்திருந்தது. மா எப்போது குழைத்தது என்று கேட்டதும் கடைத் தம்பி முதலில் பயந்துபோனார், ஏதோ குறை சொல்லப் போகிறோம் என்று நினைத்துவிட்டார். பிறகு உள்ளே கூட்டிப்போய்ப் பெட்டியில் இருந்த உருண்டைகளைக் காட்டினார், முதல் நாள் இரவு குழைத்தது. அடுப்பின் பின்பக்கம் சூடு கூட, அதனால் நடுவில் ஒருக்கால் திருப்பி வைக்க வேண்டும், இன்றைக்கு மறந்துவிட்டேன் என்று அவரே சொன்னார். ஸ்பிஞ்சோனேயைப் பற்றியும் சொன்னேன், நெத்தலி என்றதும் கண்ணை விரித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். பலெர்மோ அண்ணை, சம்மதம் என்றால் உங்களை அந்தத் தம்பியோடு கதைக்க வைக்கிறேன், எனக்குத் தனிமடல் போடுங்கள்.

சீட்டும் தொடங்கிவிட்டோம், முதல் முறை தாதியின் கையில். அடுத்த மாதம் மன்னார். அங்கே நல்ல மா குழைக்கிற கடை எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், புதன்கிழமை திறந்திருக்க வேண்டும்.