சுப்பர்மார்க்கெட் பங்கு: விற்பனை கூடினால் போதுமா?

கிளிநொச்சியிலிருந்து:

பங்கு பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் வங்கி, தொலைபேசி, ஹோட்டல் என்றுதான் போகும். அரிசி, பருப்பு விற்கிற கம்பனியை யாரும் கணக்கெடுப்பதில்லை. நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவன். அதனால் அந்தப் பங்குகளில்தான் எனக்குக் கண். பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்தைய வருடம் 100 ரூபா விற்ற சாமான் கிட்டத்தட்ட 195 ரூபா. அந்த நாட்களில் ஒரு தரகர் தொலைபேசியில் வந்து ஒரு சில்லறைக் கம்பனியின் பெயரைச் சொல்லி, "அண்ணை, விற்பனை ஏறுகிற ஏற்றத்தைப் பாருங்கோ" என்றார். எத்தனை கிலோ விற்றது என்று கேட்டேன். தம்பியிடம் பதில் இல்லை.

எங்கள் சங்கக்கடையில் என்ன நடந்தது தெரியுமா? பின்னேரம் எண்ணுகிற காசு கூடிக்கொண்டே போனது, இறங்குகிற பருப்பு மூட்டை குறைந்துகொண்டே போனது. ஒரு கிலோ பால்மா வாங்கிய வீடு 400 கிராமுக்கு வந்தது. 400 கிராம் வாங்கிய வீடு சின்னப் பைக்கற்றுக்கு வந்தது, பிறகு அதையும் விட்டது. இலாபநட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் அது எங்களுக்கு நல்ல வருடம்!

அதனால் எந்தக் கடைக் கம்பனியின் அறிக்கை வந்தாலும் விற்பனை வளர்ச்சியிலிருந்து விலையேற்றத்தைக் கழிப்பேன், புதிதாகத் திறந்த கிளைகளின் பங்கையும் கழிப்பேன். மிஞ்சுவதுதான் பழைய கிளைகளுக்குச் சனம் உண்மையில் கூட வந்ததா என்பதைக் காட்டும். அப்புறம் சொத்தையும் கடனையும் காட்டுகிற ஐந்தொகையில் இருப்பையும் (இன்னும் விற்காத சாமான்) வியாபாரச் சென்மதியையும் (வழங்குநருக்குக் கொடுக்கவேண்டிய காசு) பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சாமான் 20 நாளில் விற்று, வழங்குநருக்கு 60 நாளில் காசு கொடுத்தால், நடுவில் 40 நாள் கடை மற்றவர் காசில் ஓடுகிறது. 100 ரூபாவுக்கு விற்று இரண்டு மூன்று ரூபா மிஞ்சுகிற தொழிலில் உயிர் அங்கேதான் இருக்கிறது. இருப்பு விற்பனையை விட வேகமாகப் பெருத்தால் நான் கிட்டப் போகமாட்டேன்.

கடனும் முக்கியம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியது. கடன் எடுத்துக் கிளை திறந்தவர்களுக்கு அந்த ஒரு முடிவே இலாபத்தை விழுங்கப் போதும்.

வவுனியாவிலிருந்து:

அண்ணா, இருப்பு பற்றிச் சொன்னது மெத்தச் சரி. நான் இன்னொன்று சேர்க்கிறேன். கடையை விரும்பிப் பங்கு வாங்குகிறவர்கள், கடையைத்தான் வாங்குகிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். கீல்ஸ் கடை பிடிக்கிறது என்று ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் வாங்கினால் ஹோட்டலும் துறைமுகமும் சேர்ந்து வரும். ஆர்பிகோ பிடித்தால் ரிச்சட் பீரிஸ், அதில் இறப்பரும் தோட்டமும் உண்டு. கார்கில்ஸில் ஃபூட் சிற்றி கடைகளோடு கொத்மலை பால் பொருட்கள், கிஸ்ட் ஜாம், கேஎஃப்சி உணவகம் எல்லாம் இருக்கின்றன. ஆண்டறிக்கையில் துறைவாரிக் குறிப்பு என்று ஒன்று வரும். சில்லறை எவ்வளவு உழைத்தது, உற்பத்தி எவ்வளவு உழைத்தது என்று அங்கே பிரித்துப் போட்டிருப்பார்கள். நான் முதலில் திறப்பது அதைத்தான்.

வாடகையையும் பாருங்கள். 2019இலிருந்து கணக்கியல் விதி மாறி, நீண்டகால வாடகை ஐந்தொகையில் குத்தகைப் பொறுப்பாக, அதாவது ஒரு கடனைப் போல, ஏறுகிறது. வங்கிக் கடன் குறைவு என்று நினைத்திருந்த ஒரு கம்பனியில் அந்தப் பொறுப்பின் தொகையைக் கண்டு திரும்பி வந்திருக்கிறேன். இந்தியாவில் டிமார்ட் என்ற சுப்பர்மார்க்கெட் கம்பனி பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் கடை போடுகிறது. மலிவாக விற்றும் அது தாக்குப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முள்ளியவளையிலிருந்து:

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான், அங்கே மலிவுச் சாமான் கடைகள் நடத்துகிற டொலராமா கம்பனியின் பங்கு வைத்திருக்கிறார். "இதே மாதிரி அங்கே ஒன்று பிடி" என்று ஓயாமல் சொல்லுவார். அங்கே ஒரு பங்குக்கு வருகிற வருட இலாபத்தைப் போல முப்பது மடங்கு விலை கொடுத்தும் சனம் வாங்கும், ஏனென்றால் வைப்பு வட்டி சிறிது, நாணயமும் உறுதி. இங்கே 2022 கடைசியில் அரசாங்கத்துக்குக் கொடுக்கிற கடனான மூன்று மாதத் திறைசேரி உண்டியலே வருடக் கணக்கில் 30 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. அப்படியான நாட்டில் கடைப் பங்குக்கு அந்த மடங்கைக் கொடுக்க என்னால் முடியாது. மச்சானுக்கு இதை எழுதியே அனுப்பினேன்.

இன்னொரு விஷயம், விற்கிற நாளை யோசியுங்கள். கார்கில்ஸ் பங்கில் பெரும்பகுதி அதன் தாய்க் கம்பனியான சி.ரி. ஹோல்டிங்ஸ் கையில் இருக்கிறது, சந்தையில் புழங்குவது கொஞ்சம். மகளின் படிப்புக்கோ வீட்டு வேலைக்கோ அவசரமாகக் காசு தேவைப்படுகிறவர்கள், ஒரு நாளில் எத்தனை பங்கு கைமாறுகிறது என்று கொழும்புப் பங்குச்சந்தையின் செயலியில் சில வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.