டிஸ்பேட்சர் கோர்ஸ்: பணம் கட்டறதுக்கு முன்னாடி
(எங்க வீட்டு வாட்ஸ்அப் குழு, சனிக்கிழமை சாயங்காலம், டாலஸ் நேரம்)

செல்வி, 6:42
[ஃபார்வர்டு] 6 வாரத்தில் விமான நிறுவன வேலை!! டிகிரி தேவையில்லை!! ஆரம்பமே பைலட் சம்பளம்!! சீட் குறைவு!!

செல்வி, 6:43
முரளி, ரேகா, இதெல்லாம் நிஜமா? திவ்யா இந்த டிஸ்பேட்சர் கோர்ஸ்ல சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. வர்ற வெள்ளிக்குள்ள பணம் கட்டணுமாம்.

முரளி, 6:50
அண்ணி, 6 வாரம் நிஜம். டிகிரி வேண்டாங்கறதும் சட்டப்படி நிஜம். பைலட் சம்பளம்ங்கறது மட்டும் புளுகு. வெள்ளிக்கிழமைய விடுங்க, திவ்யாவுக்கு இப்ப என்ன வயசு, சரியா சொல்லுங்க.

திவ்யா, 6:51
22 முடிஞ்சு 4 மாசம் சித்தப்பா

ரேகா, 6:58
அப்ப அவசரமே இல்ல. எஃப்.ஏ.ஏ. (இங்க விமானத்துறையக் கவனிக்கற அரசு அமைப்பு) சான்றிதழ் கைக்கு வர 23 நிறைஞ்சிருக்கணும். எழுத்துத் தேர்வுக்கு 21 போதும். 21, 22ல இருக்கறவங்க எழுத்து, செய்முறை ரெண்டும் பாஸ் பண்ணினா தகுதிக் கடிதம்னு ஒண்ணு தருவாங்க. 23 ஆனதும் அதக் காட்டி சான்றிதழ் வாங்கிக்கலாம். ஆனா கடிதத்த வச்சு ஒரு விமானத்தக் கூட ரிலீஸ் பண்ண, அதாவது கிளம்பலாம்னு கையெழுத்துப் போட முடியாது. கோர்ஸ் இப்பவே முடிச்சா 6 மாசம் சும்மா உக்காந்து படிச்சதெல்லாம் மறந்துடும்.

தாத்தா, 7:01
டிஸ்பேட்சர் என்றால் கொடி காட்டுபவரா?

முரளி, 7:06
இல்லப்பா. தரையில உக்காந்து விமானத்த நடத்தறவர். எந்த வழியில போறது, எவ்வளவு ஃப்யூல் ஏத்தறது, இறங்கற ஊர்ல வானிலை கெட்டா எங்க போறதுன்னு கணக்குப் போட்டு ரிலீஸ்ல கையெழுத்துப் போடணும். கேப்டனும் போடணும். கிளம்பறதுக்கு முன்னாடி திட்டம், தாமதம், ரிலீஸ் எல்லாத்துக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து பொறுப்பு, அமெரிக்கச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. டிஸ்பேட்சருக்குச் சரின்னு படலன்னா வண்டி கிளம்பாது. கிளம்பினப்புறமும் இறங்கற வரைக்கும் கண்காணிக்கணும்.

தாத்தா, 7:07
👍

திவ்யா, 7:09
அத்தை, கோர்ஸுக்கு என்ன தகுதி வேணும்? நான் காலேஜ்ல 2 வருஷம்தான் முடிச்சிருக்கேன்.

ரேகா, 7:20
இங்கிலீஷ் படிக்க, எழுத, பேச, புரிஞ்சுக்கத் தெரியணும். மருத்துவச் சான்று தேவையில்ல, கண்ணாடி போட்டிருந்தாலும் பரவாயில்ல. பள்ளிக்கூடம் எஃப்.ஏ.ஏ. அங்கீகரிச்ச பாடத்திட்டம் நடத்தணும், குறைஞ்சது 200 மணி நேரம். முதல்ல இதக் கேளு, அங்கீகாரக் கடிதத்தக் காட்டச் சொல்லு. ராணுவம், ஏர்லைன்ஸ், ஏர் டிராஃபிக் மாதிரி இடங்கள்ல கடைசி 3 வருஷத்துல 2 வருஷ அனுபவம் இருக்கறவங்களுக்குக் கோர்ஸ் இல்லாமலும் வழி இருக்கு. உனக்கு அது பொருந்தாது.

செலவு: கோர்ஸ் பெரும்பாலும் 4,000லருந்து 6,000 டாலர். எழுத்துத் தேர்வு 175. செய்முறைத் தேர்வு எடுக்கறவர் ஃபீஸ் தனி, பல இடத்துல கோர்ஸ் கட்டணத்துல சேராது. நேர்ல 5, 6 வாரம் போகலாம், இல்லன்னா வீட்டுல இருந்தே படிச்சுட்டு கடைசி ஒண்ணு ரெண்டு வாரம் மட்டும் போகலாம். வேலை பாத்துக்கிட்டே படிக்கறவங்களுக்கு ரெண்டாவது வழி சௌகரியம். ஆனா வானிலையையும் சட்டத்தையும் தனியா உக்காந்து படிச்சவங்கதான் வாய்மொழித் தேர்வுல அதிகமா திணறுவாங்க.

திவ்யா, 7:22
எழுத்துத் தேர்வு கஷ்டமா? கேள்வி பேங்க் நெட்லயே கிடைக்குதே

ரேகா, 7:31
அந்த பேங்க்தான் ஆபத்து 😑 எழுத்துத் தேர்வுக்கு ஏ.டி.எக்ஸ்.ன்னு பேரு. 80 கேள்வி, 3 மணி நேரம், 70 சதவீதம் பாஸ். மனப்பாடம் பண்ணியே 90 சதவீதம் வாங்கலாம். ரிசல்ட் 24 மாசம் செல்லும். ஃபெயில் ஆனா 30 நாள் காத்திருக்கணும், பயிற்சியாளர் மறுபடி சொல்லிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டா முன்னாடியே எழுதலாம்.

செய்முறைத் தேர்வு வேற ரகம். ஒருத்தருக்கு எதிர்ல உக்காந்து கிட்டத்தட்ட அரை நாள். கையாலயே ஒரு ஃப்ளைட் பிளான் போடணும், ஒவ்வொரு எண்ணுக்கும் "ஏன்"ன்னு கேப்பாங்க. கோர்ஸ் முடிச்ச சான்று 90 நாள்தான் செல்லும். அதுக்குள்ள தேர்வுக்குப் போகலன்னா பள்ளிக்கூடம் மறுபடி சோதிச்சுப் புதுப்பிக்கணும்.

ரேகா, 7:44
சரி, ஒண்ணு போட்டுப் பாரு. டாலஸ்லருந்து சிகாகோ ஓஹேர், போயிங் 737-800 விமானம். இறங்கற நேரம் 0200 ஜூலு. ஓஹேர் வானிலை முன்னறிவிப்புல 0100லருந்து 0300 வரைக்கும் அப்பப்ப இடிமழை, பார்வைத் தூரம் 2 மைல், மேக அடி (மேகத்தோட கீழ்மட்டம்) 1,500 அடி உயரம்னு இருக்கு. ஆல்டர்நேட் (அங்க இறங்க முடியலன்னா போற மாற்று விமான நிலையம்) வேணுமா?

திவ்யா, 7:49
ராத்திரி 2 மணிக்கு முன்னறிவிப்புல என்னன்னு பாக்கணும்...

முரளி, 7:50
😂 முதல் தப்பு. ஜூலுன்னா உலக நேரம். கோடைல சிகாகோ அதுக்கு 5 மணி பின்னாடி, அதாவது இங்க ராத்திரி 9. லோக்கல் நேரத்தையும் ஜூலுவையும் குழப்பறதாலயே நிறைய பேர் தப்பான வரியப் படிச்சுடுவாங்க.

திவ்யா, 7:55
ஓகே. இறங்கறதுக்கு 1 மணி முன்னாடிலருந்து 1 மணி பின்னாடி வரைக்கும் மேக அடி 2,000, பார்வை 3 மைல் குறையக் கூடாது. இங்க ரெண்டுமே கம்மி. ஆல்டர்நேட் வேணும்.

ரேகா, 7:58
சபாஷ். "அப்பப்பதானே"ன்னு விட்டவங்க நிறைய. "அப்பப்ப"வும் கணக்குல சேரும். மில்வாக்கி ஆல்டர்நேட்னு வை. ஓஹேர் வரைக்கும் 11,000 பவுண்டு ஃப்யூல், மில்வாக்கி போக 2,500, 45 நிமிஷ ரிசர்வ் (கையிருப்பு) 3,750, இடிமழை விலகற வரைக்கும் மேல சுத்த 2,200. பயணிகள், சரக்கெல்லாம் ஏத்தி ஃப்யூல் இல்லாத எடை 138,300, அதுதான் அந்த விமானத்துக்கு உச்சம். லேண்டிங் உச்ச எடை 146,300. போகுமா? யோசிச்சு சொல்லு, நான் சமைக்கணும்.

செல்வி, 8:02
எனக்கு ஒண்ணும் புரியல, சம்பளம் என்னன்னு யாராவது சொல்லுங்களேன்

முரளி, 8:17
சொல்றேன் அண்ணி. ரெண்டு மாடி வீடுன்னு நெனச்சுக்கோங்க. கீழ்மாடி ரீஜனல் கம்பெனிங்க. பெரிய ஏர்லைன்ஸ் பேர்ல சின்ன விமானம் ஓட்டறவங்க. ஸ்கைவெஸ்ட் யூட்டால செயின்ட் ஜார்ஜ், ரிபப்ளிக் இண்டியானபோலிஸ் பக்கம், எண்டெவர் மினியாபோலிஸ், இந்த மாதிரி. புதுசா சான்றிதழ் வாங்கினவங்க பெரும்பாலும் இங்கதான் நுழைவாங்க. மணிக்கு 20லருந்து 30 டாலருக்குள்ள தொடங்கும். 25ன்னு வச்சா வருஷம் 2,080 மணிக்கு 52,000 டாலர், வரி பிடிக்கறதுக்கு முன்னாடி. வாடகை கட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போகணும்னா இதக் கணக்குல வைங்க.

மேல்மாடி அமெரிக்கன், சவுத்வெஸ்ட், டெல்டா, யுனைட்டெட் மாதிரி. அங்க யூனியன் ஒப்பந்தப்படி சம்பளம் வருஷா வருஷம் ஒவ்வொரு படியா ஏறும். உச்சப் படில ஒன்றரை லட்சம் டாலர தாண்டறாங்க, ஓவர்டைம் எடுத்தா அதுக்கும் மேல. விளம்பரக்காரன் உச்சப் படிய ஆரம்பம்னு போட்டுட்டான்.

செல்வி, 8:19
கீழ்மாடிலருந்து மேல போக எத்தனை வருஷம்?

முரளி, 8:30
காலியிடத்தப் பொறுத்தது, யாரும் வாக்கு குடுக்க முடியாது. பெரிய கம்பெனிங்க பெரும்பாலும் ஏற்கனவே ஏர்லைன்ஸ்ல டிஸ்பேட்ச் பண்ணின அனுபவத்தக் கேப்பாங்க. இன்னொரு வாசல் உண்டு: அதே கம்பெனில ரேம்ப் (விமானத்துல சாமான் ஏத்தி இறக்கறது), க்ரூ ஷெட்யூலிங் (பைலட், பணிப்பெண்களுக்கு டூட்டி போடறது)னு உள்ள இருந்துட்டு, சான்றிதழ் வாங்கி மாத்திக்கறது. அமெரிக்கன் கட்டுப்பாட்டு மையம் ஃபோர்ட் வொர்த்ல, சவுத்வெஸ்ட் டாலஸ்ல. திவ்யாவுக்கு வீட்டுலருந்தே போற தூரம், இத விடக் கூடாது.

ஒரு விஷயத்த யாரும் முதல்ல சொல்ல மாட்டாங்க. கம்பெனி மாறினா சீனியாரிட்டி பூஜ்யம். ஷிஃப்ட், லீவு எல்லாம் சீனியாரிட்டிப்படிதான் கேட்டு வாங்கணும். புதுசா போறவங்களுக்கு ராத்திரி ஷிஃப்ட், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் எல்லாம் உறுதி. வழக்கமான ஷிஃப்ட்டுக்கு ஒரே மூச்சுல 10 மணி நேரம்தான் வரம்பு, 7 நாள்ல 24 மணி நேரம் தொடர்ச்சியா ஓய்வு. வருஷத்துக்கு 5 மணி நேரமாவது காக்பிட்ல உக்காந்து பாக்கணும்.

முரளி, 8:33
அப்புறம் திவ்யா, சேரறதுக்கு முன்னாடி டிரக் டெஸ்ட், சேர்ந்தப்புறமும் சொல்லாம கொள்ளாம எடுப்பாங்க. கஞ்சா உன் மாநிலத்துல சட்டப்படி சரியா இருந்தாலும் இங்க சரியில்ல.

செல்வி, 8:34
ஐயோ அவ அதெல்லாம் தொட மாட்டா

முரளி, 8:34
எல்லாருக்கும் சொல்றதுதான் அண்ணி 🙏

கார்த்தி, 8:41
மாமா குட் மார்னிங், இப்பதான் எழுந்தேன். நான் ஏரோ இன்ஜினியரிங் முடிச்சுட்டு கோயம்புத்தூர்ல சும்மாதான் இருக்கேன். அங்க வந்து இந்தக் கோர்ஸ் பண்ணலாமா?

முரளி, 8:52
மாப்ள, கோர்ஸ் பண்ணலாம், தேர்வும் எழுதலாம், எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் சான்றிதழ் தருவாங்க. வேலைதான் கிடைக்காது. அமெரிக்கால வேலை செய்ய உரிமை வேணும். எச்-1பி வேலை விசாவுக்கு அந்த வேலைக்கே டிகிரி கட்டாயம்னு காட்டணும். டிகிரியே வேண்டாம்ங்கறதுதானே இந்த வேலையோட விளம்பரம்? திவ்யாவுக்கு கிரீன் கார்டு இருக்கு, கதை வேற.

ரேகா, 8:58
அந்தச் சான்றிதழோட இந்தியா வந்தாலும் நேரா டிஸ்பேட்ச் பண்ண முடியாது கார்த்தி. அங்க ஏர்லைன்ஸ்தான் ஆள் எடுத்து, பயிற்சி குடுத்து, டி.ஜி.சி.ஏ. (இந்திய விமானத்துறை அமைப்பு) ஒப்புதல் வாங்கித் தரும். இண்டிகோ, ஏர் இந்தியா ரெண்டோட கட்டுப்பாட்டு மையமும் குருகிராம் பக்கம்தான். ட்ரெய்னியா உள்ள நுழையப் பாரு, அமெரிக்காவுக்கு 5,000 டாலர் செலவு பண்ணாத. வளைகுடா கம்பெனிங்களுக்கும் வெறும் சான்றிதழ் பத்தாது, சில வருஷ அனுபவமும் கேப்பாங்க.

கார்த்தி, 8:59
ஓகே சித்தி 👍

திவ்யா, 9:07
அத்தை கணக்கு! இறங்கும்போது மிச்சம் ஃப்யூல் 2,500 + 3,750 + 2,200 = 8,450. 138,300 கூட்டினா 146,750. லேண்டிங் உச்சத்தவிட 450 அதிகம். போகாது!

ரேகா, 9:10
சரி. 11,000த்த கூட்டாம விட்ட பாரு, அங்கதான் பாதிப் பேர் விழுவாங்க. போற வழியில எரிஞ்சது லேண்டிங் எடைல இருக்காது. இப்ப 450 எப்படிக் குறைப்ப?

திவ்யா, 9:14
மில்வாக்கிக்குப் பதிலா மிட்வே போட்டா 1,000 பவுண்டாவது மிச்சம். ஆல்டர்நேட்டுக்கு மேக அடி 1,500 இருந்தா போதுமே, சட்டப்படி ஓகேதான்?

ரேகா, 9:22
சட்டப்படி ஓகே. ஆனா ஓஹேர மூடற இடிமழை அதே நேரத்துல மிட்வேயையும் மூடும், ரெண்டும் ஒரே ஊரு. கேப்டன் கையெழுத்துப் போட மாட்டார். தேர்வு எடுக்கறவரும் அங்கயே நிறுத்திடுவார்.

திவ்யா, 9:24
சுத்தற 2,200ல கை வைக்கலாமா?

முரளி, 9:25
இடிமழைன்னு எழுதிக்குடுத்திருக்கும்போதா?

திவ்யா, 9:31
அப்ப சரக்குல 450 இறக்கறேன். மில்வாக்கி அப்படியே இருக்கட்டும்.

ரேகா, 9:33
இருக்கட்டும். மில்வாக்கி முன்னறிவிப்பப் படிச்சியா?

திவ்யா, 9:33
🤦‍♀️ இதோ

செல்வி, 9:35
அப்ப வெள்ளிக்கிழமை பணம் கட்டல. 23க்கு 3 மாசம் முன்னாடி பாத்துக்கலாம்.