புதுப்பிப்பு: சாரநாத், புத்தகயா, ராஜ்கிர், நாளந்தா கார் பயணம்

அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வட இந்தியாவில் இருக்கும் இந்த நான்கு பௌத்தத் தலங்களையும் மூன்று நாளில் காரில் பார்த்துவிட முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அவசரப்படாதீர்கள் என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி, ஐந்து நாளாக்கிவிட்டோம்.

சாரநாத் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அசோகரின் சிங்கத் தூணின் தலைப்பகுதி அங்கேதான் இருக்கிறது, ரூபாய் நோட்டில் மூன்று சிங்கம்தானே தெரிகிறது, நாலாவதை நான் பார்த்தே ஆகணும் என்று சின்னவள் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதனால் அதை வியாழனுக்கு மாற்றினேன். ராஜ்கிரில் அம்மாவின் முழங்காலை நினைத்து ரோப்கார். மலை மேல் இருக்கும் சாந்தி ஸ்தூபி என்ற பௌத்த நினைவுச் சின்னம் வரை அதிலேயே போகலாம். அப்புறம் பழங்காலப் பௌத்தப் பல்கலைக்கழகம் இருந்த நாளந்தாவுக்கு ஒரு முழு நாள், துறவிகள் தங்கிய அந்தச் செங்கல் அறைகளை நிதானமாக நடந்து பார்க்கணும்.

வண்டியை நானும் தம்பியும் மாறி மாறி ஓட்டுகிறோம்.