ரெண்டு கமிட்டும் சரி, கணக்கு மட்டும் தப்பு

இரவுஷிஃப்ட்:
போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், லெவல் ரிப்பீட்டபிள் ரீட் (ஆரம்பத்துல எடுத்த ஸ்னாப்ஷாட்டை, அதாவது அப்போதைய நிலையை, மட்டுமே கடைசி வரைக்கும் பார்க்கும்). ஒருத்தருக்கு ரெண்டு கணக்கு. தனியா மைனஸ்ல போகலாம், கூட்டினா போகக் கூடாது. ஒரு நாள் மொத்தமே மைனஸ்ல போயிடுச்சு. லாக் ஃபைலைத் தோண்டினா, 4 மில்லிசெகண்ட் இடைவெளியில ரெண்டு டிரான்சாக்‌ஷன். ரெண்டுமே மொத்தம் 1000னு படிச்சிருக்கு. ஒண்ணு முதல் கணக்குல 700 எடுக்குது, இன்னொண்ணு அடுத்ததுல 600. தொட்ட ரோ (டேபிள் வரிசை) வேற வேற, அதனால மோதலே இல்ல, ரெண்டுமே கமிட் ஆச்சு (நிரந்தரமாப் பதிவாச்சு). லாக்ல அந்த ரெண்டு வரியை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! ரெண்டுலயும் தப்பு இல்ல, அதான் கடுப்பு.

குவெரிகுமார்:
லாஸ்ட் அப்டேட்தானே இது, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் மேலெழுதி அழிக்கிறது? ரிப்பீட்டபிள் ரீட்லயே எரர் அடிச்சிருக்குமே. லெவலை சரியா செட் பண்ணீங்களா?

பழையடிபிஏ:
குமார், ஒரே ரோவை ரெண்டு பேர் எழுதினாதான் லாஸ்ட் அப்டேட். இது ரைட் ஸ்கியூ (ஒரே தகவலைப் படிச்சுட்டு வேற வேற ரோவை எழுதி, பொதுவான விதியை உடைக்கிறது), 1995லயே பேர் வச்சாச்சு. 2011ல 9.1 பதிப்பு வர்ற வரைக்கும் போஸ்ட்கிரஸ்ல சீரியலைசபிள்னு (ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு ஓடின மாதிரி முடிவு தர்ற லெவல்) கேட்டாலும் ஸ்னாப்ஷாட்தான் கிடைச்சுது. அதை நம்பி ஏமாந்தவன் நான்.

இப்போ மாத்துறதா இருந்தா, அந்தக் கணக்குகளைத் தொடுற எல்லா டிரான்சாக்‌ஷனையும் சீரியலைசபிள் ஆக்குங்க, ஒண்ணை மட்டும் ஆக்கிப் பிரயோஜனமில்ல. மோதினா 40001 எரர் வரும், டிரான்சாக்‌ஷன் ரத்தாகும். வந்தா படிக்கிறதுலேர்ந்து முழுசா திரும்ப ஓட்டணும், கடைசி அப்டேட்டை மட்டும் இல்ல. உள்ளே மெயில் அனுப்புற கோடு இருந்தா வெளியே எடுத்துடுங்க, இல்லன்னா ஒரே மெயில் மூணு தடவை போகும். இவ்வளவு வேண்டாம்னா ரெண்டு கணக்கு ரோவையும் ஃபார் அப்டேட் போட்டுப் பிடிங்க, அதாவது மத்தவங்க எழுத முடியாம பூட்டுங்க. வாடிக்கையாளர் ரோவை மட்டும் பிடிச்சா, காத்திருந்தவன் ரிப்பீட்டபிள் ரீட்ல பழைய ஸ்னாப்ஷாட்டோடயே உள்ளே வருவான். அந்தப் பள்ளத்துலயும் விழுந்திருக்கேன்.

கிளைபிளாக்:
என்னுது பிட்காயின். பணம் ஒரு பிளாக்ல பதிவாகி ஒரு கன்ஃபர்மேஷன் வந்ததும் ஆர்டரை விடுவிக்கிற கோடு. ஸ்கிரீன்ல பச்சை டிக் வந்துச்சு, ஆர்டரும் போச்சு. அதுக்குள்ள பிளாக் சங்கிலியோட வேற கிளை நீளமாகி எங்க பிளாக் அநாதை, செல்லாமப் போச்சு. அந்தக் கிளையில அதே காசு வேற முகவரிக்குச் செலவாகியிருந்தது. கண்ணு முன்னாடியே டிக் மறைஞ்சுது. 6 கன்ஃபர்மேஷன் வரைக்கும் காத்திருங்கன்னு எல்லாரும் சொல்றது அப்புறம்தான் உறைச்சுது. டேட்டாபேஸ்காரங்க கொடுத்து வச்சவங்க, கமிட்னா கமிட்.

குவெரிகுமார்:
யாரு சொன்னா? அசிங்க் ரெப்ளிகாவுக்கு (கொஞ்சம் தாமதமா நகலெடுக்கிற சர்வர்) ஃபெயில்ஓவர் ஆகி, அதாவது முதன்மை சர்வர் விழுந்து அதுக்கு மாறி, "வெற்றி"ன்னு பதில் வாங்கின ரைட் காணாமப் போனதைப் பார்த்தவன் நான்.

இரவுஷிஃப்ட்:
டிபிஏ அண்ணே, திரும்ப ஓட்டுற ரீட்ரை கோடை எழுதி முடிச்சுட்டுதான் உங்க பதிலையே படிச்சேன். மெயில் கோடு உள்ளேதான் இருக்கு.