பழைய தஞ்சாவூர் படத்தை ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கலாமா?

பாலக்கோட்டான்:
எங்கள் ஊர் பஜனை மடத்தில் பலகையில் செய்த ராமர் பட்டாபிஷேகப் படம் ஒன்று இருக்கிறது. அனுமார் பக்கத்தில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, அடியில் வேறொரு பச்சையும் கை மாதிரி ஒரு கோடும் தெரிகிறது. பெரியவர்கள் புதுசாக பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார்கள். தர்மபுரியில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கும் நண்பர் எக்ஸ்ரே எடுத்துத் தருகிறாராம். அடியில் இருப்பது தெரியுமா?

ஓசூர் கதிர்:
கொஞ்சம் தெரியும். எக்ஸ்ரே மேல்பூச்சு, கீழ்ப்பூச்சு என்று பிரித்துக் காட்டாது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஈய வெள்ளையும் பாதரசம் உள்ள சாதிலிங்கச் சிவப்பும் கதிரை மறித்து வெள்ளையாகத் தெரியும், கரி மையில் போட்ட கோடோ சுத்தமாகத் தெரியாது, அதற்கு அகச்சிவப்பு கேமராதான் சரி. தஞ்சாவூர் படத்தில் சுண்ணாம்பு மேடு, கண்ணாடிக் கல், ஆணி எல்லாம் வேறு குறுக்கே வரும். நெஞ்சு எக்ஸ்ரேக்கு வைக்கிற கிலோவோல்ட் (கதிர் ஊடுருவும் வலு) வேண்டாம், மெஷின் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு குறைக்கச் சொல்லுங்கள்.

கோட்டைக்காரன்:
பலகை என்பதால் தப்பித்தீர்கள். எங்கள் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களுக்கு இது நடக்காது, கல்லுக்குப் பின்னால் பிலிம் வைக்க முடியுமா என்ன! அங்கே எக்ஸ்ரே ஒளிர்வு முறைதான்: முன்பக்கமிருந்தே கதிர் அடித்து, திரும்பி வருவதை வைத்து எந்தத் தனிமம் என்று பார்ப்பார்கள். பெல்ஜியத்தின் கெண்ட் பலிபீட ஓவியத்தில் (1432) ஆட்டுக்குட்டியின் தலைமேல் பின்னாளில் பூசியிருந்ததை இந்த மாதிரி ஸ்கேன்களை வைத்துப் படித்த பிறகே நீக்கினார்கள். நம் தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் தெரிந்ததும் உங்கள் படம் மாதிரி மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில்தான். அதற்காக நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டிப் போடவில்லை, தொல்லியல் துறை பெயர்த்தெடுத்துத் தனிப் பலகையில் ஒட்டி வைத்தது.

பாலக்கோட்டான்:
சரிங்கண்ணா, குறைத்து எடுக்கச் சொல்கிறேன். பெரியவர்களை எப்படி நிறுத்துவது?

ஓசூர் கதிர்:
பெங்களூர் சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனத்தில், பாரம்பரியக் கலைகளைக் காக்கும் இன்டாக் அமைப்பின் ஓவியப் பாதுகாப்பு மையம் இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். சென்னை என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லிருந்தே வேதியியல் பாதுகாப்புக் கூடம் உண்டு. போட்டோ அனுப்பிக் கேட்டு, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கி மடத்தில் காட்டுங்கள், நாம் சொன்னால் கேட்க மாட்டார்கள். அதுவரை உரிந்த இடத்தில் எண்ணெய், ஈரத்துணி, ஃபெவிகால் எதுவும் படக்கூடாது. விழுந்த செதிலைக் கவரில் போட்டு வையுங்கள். கற்பூர ஆரத்தியைத் தள்ளி நின்று காட்டச் சொல்லுங்கள்.